மெயில் போன பிறகு ஒரு வேளை

12 பிப்ரவரி 1957, செவ்வாய்

கண் விழித்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில் கால் வரை வந்துவிட்டது. குணசுந்தரி காபியை இரண்டாம் முறை சுட வைத்துக் கொண்டுவந்தாள். "ஊர்க் கோழியெல்லாம் டூட்டி முடிச்சிக்கினு போயாச்சு, நீங்க இப்பத்தான் எழுந்துக்கறீங்க" என்றாள். முப்பது வருஷம் ராத்திரி டூட்டி பார்த்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரிட்டயர் ஆன பிறகு கொஞ்சம் கூடுதலாகத் தூங்க உரிமை கிடையாதா? உண்டு என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

தூக்கம் தானாக வருவதில்லை, அது வேறு விஷயம். அதற்குக் கம்பவுண்டர் துளசிராமன் கலந்து தருகிற மிக்சர் இருக்கிறது. சீசாவின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருப்பான். ஒரு பல் ஒரு வேளை. அதற்கு நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். வடக்கே போகிற ராத்திரி மெயில் நம் ஊரைத் தாண்டிப் போன பிறகுதான் மருந்து. வேலையில் இருந்தபோது மெயிலை அனுப்பாமல் நான் உட்கார்ந்ததில்லை. இப்போது அனுப்பாமல் படுப்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவனைப் பார்த்து எதிர்வீட்டுப் பக்கீர் முகம்மது பாய் "பழக்கம் ஆயிடுச்சு மாஸ்டரு" என்கிறார். சொல்கிறவர் யார்? கைலிக் கடையை மருமகனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து மூக்குப்பொடி போடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத மனிதர். பழவேற்காட்டிலிருந்து இங்கே குடிவந்தபோது கொண்டுவந்தது பாதி துணி மூட்டை, பாதி பொடி டப்பா என்று அவர் மகள் ஹாஜிராவே சொல்வாள்.

13 பிப்ரவரி

மெயில் லேட். மருந்தும் லேட்.

20 பிப்ரவரி, புதன்

கடைத்தெருவில் நின்று எதற்கு வந்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வெறும் பையோடு திரும்பினேன். குணசுந்தரி சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கும் கொஞ்சம் குழறுகிறது. வயசாகிறது.

சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனேன். இப்போது இருக்கிற மாஸ்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், எழுந்து நாற்காலி கொடுத்தார். உட்கார்ந்தேன். போன் அடித்தது. என் கை தானாக நீண்டது. அவர் பார்க்காதது போல எடுத்துப் பேசினார். உடனே கிளம்பி வந்துவிட்டேன்.

படுத்தால் தினம் அதே நினைப்பு. மெயில் வருகிறது, கைகாட்டியை இறக்கினேனா? இறக்கவில்லையா? மார்பு அடித்துக்கொள்கிறது. ஸ்டேஷனும் என்னுடையதில்லை, வண்டியும் என்னுடையதில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் அடித்துக்கொள்கிறது. மிக்சர் உள்ளே போனால்தான் அடங்குகிறது.

3 மார்ச், ஞாயிறு

நேற்று முழுக்க எழுத முடியவில்லை. எழுத வேண்டியவன் கட்டிலில் கட்டை மாதிரி கிடந்தான்.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மெயில் ரொம்ப லேட். அதற்கு முன்னால் ஏதோ ஸ்பெஷல் வண்டி நிற்காமல் போயிருக்கிறது. நான் அதையே மெயில் என்று அனுப்பிவைத்து, மருந்தைக் குடித்துப் படுத்துவிட்டேன். பிறகு அரைத் தூக்கத்தில் நிஜ மெயில் போயிற்று. மெயில் போனால் ஒரு வேளை. சட்டம் சட்டம்தானே? எழுந்து மறுபடி குடித்திருக்கிறேன். சீசாவில் மருந்து இரண்டு பல் இறங்கியிருப்பதைப் பார்த்து, ஸ்டேஷனில் போய் விசாரித்து, பாய் கண்டுபிடித்தது இது. ஒரு வண்டியை இன்னொரு வண்டி என்று எண்ணிய ஸ்டேஷன் மாஸ்டர்! வேலையில் இருந்திருந்தால் சஸ்பெண்டு.

சனிக்கிழமை விடிந்தும் நான் எழவில்லை. குணசுந்தரி உலுக்கியிருக்கிறாள், முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறாள். ஹாஜிரா வெங்காயத்தை நசுக்கிக் காட்டியிருக்கிறாள். கடைசியில் பாய் தன் பொடியை எடுத்து என் மூக்கில் போட்டாராம். நான் தும்மவில்லையாம். அப்போதுதான் எல்லோருக்கும் குலை நடுங்கிப் போய் டாக்டர் தானியேலை அழைக்க ஓடியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு மேல் ஒரு தும்மல் போட்டேனாம். குணசுந்தரி அதுவரை அழவில்லையாம். தும்மலைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதாளாம்.

இன்று கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னொரு தபா உங்கள உலுக்கிக்கினு நிக்க என்னால முடியாது. சொல்லிட்டேன்."

4 மார்ச், திங்கள்

டாக்டர் தானியேல் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். சீசாவை மோந்து பார்த்தார். "இதை எத்தனை நாளா சாப்பிடறீங்க மிஸ்டர் சுப்பராயன்?" என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. இந்த வயதில் உடம்பு இதை லேசில் வெளியே தள்ளாதாம், உள்ளேயே சேர்ந்துகொண்டு போகுமாம். மறதி, நாக்குக் குழறல் எல்லாம் வயசு இல்லையாம், இதுதானாம். நான் வயசைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்தவும் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவர் சொல்கிறபடி.

பிறகு கேட்டார்: "பகல் முழுக்க என்ன செய்யறீங்க?"

"பேப்பர் படிக்கிறேன்."

"பேப்பர் தீர்ந்ததும்?"

குணசுந்தரி சொன்னாள்: "மெயிலுக்குக் காத்துக்கினு இருக்காரு டாக்டரய்யா."

9 மார்ச், சனி

சீசா குணசுந்தரி வசம். அளந்து கொடுக்கிறாள், அதுவும் முக்கால் பல். முக்கால் பல்லில் யார் தூங்குவது? இரண்டு ராத்திரி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

துளசிராமனிடம் போனேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "எப்பவும் போலத்தானே சார்?" என்று கலந்து, காகிதம் ஒட்டி, கையில் கொடுத்துவிட்டான். பழைய யூனிபாரம் கோட்டின் பையில் வைத்திருக்கிறேன். பெட்டியின் அடியில். இது அவசரத்துக்கு மட்டும்.

10 மார்ச்

நேற்று ராத்திரி அவசரம் வந்தது.

11 மார்ச், திங்கள்

பூச்சி அரிக்கிறது என்று இன்றைக்கா கோட்டை வெயிலில் போட வேண்டும்? வருஷத்தில் ஒரு நாள் போடுகிறவள். பையில் கையை விட்டு சீசாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும்.

நான்தான் கத்தினேன். இன்னா பெரிய குத்தம் பண்ணிட்டேன்? திருடினேனா? சாராயம் காய்ச்சினேனா? தூக்கம் வராதவனுக்குத்தானே தெரியும். ஊர் பூரா தூங்குது, நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு கெடக்கணுமா? இப்படியெல்லாம் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவள் சீசாவை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. மருந்துக்குப் பொய் சொன்னேன். முப்பது வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டில் பொய் எழுதியதில்லை.

12 மார்ச், செவ்வாய்

காலையில் குணசுந்தரி பாயையும் ஹாஜிராவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "ஒத்தப் பாதையில டோக்கன் இல்லாம வண்டிய உடுவீங்களா?"

எப்படி விட முடியும்? அடுத்த ஸ்டேஷன்காரன் சரி என்று அங்கிருந்து பொத்தானை அழுத்தினால்தான் இங்கே மெஷினிலிருந்து டோக்கன் குண்டு வெளியே வரும். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டான். ஒருத்தனுக்குக் கோளாறு வந்தாலும் இன்னொருத்தன் பிடித்து நிறுத்துவான். அதற்குத்தான் இரண்டு ஸ்டேஷன். இதை நான் பாய்க்கு விளக்கமாகச் சொன்னேன், கையையெல்லாம் ஆட்டி. சொல்லி முடிக்கும்போதுதான் புரிந்தது, என்னைக் கட்டிப்போடக் கயிற்றை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"அப்போ சரி. சீசா எங்கிட்ட. அவுன்ஸ் கிளாசு பாயண்ணங்கிட்ட. சாயங்காலம் நீங்களே போய் கிளாச வாங்கியாரணும். கிளாசு வராம மருந்து கெடையாது."

குவார்ட்டர்ஸில் என்னோடு குடியிருந்து குடியிருந்து ரூல் புத்தகம் முழுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பாய் சிரிசிரி என்று சிரித்தார். ஹாஜிரா சும்மா இருப்பாளா? "வாப்பா, ஒங்க பொடி டப்பா மாமா ஊட்ல இருக்கட்டும். ஒங்களுக்கும் டோக்கன்தான்" என்றாள். பாய் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னாம்மா இது பேஜாரு!" என்று டப்பாவை மடியில் பொத்திக்கொண்டார். பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

14 மார்ச்

நான் கிளாசுக்குப் போகிறேன். வழியில் பாய் டப்பாவுக்கு வருகிறார். நடுத்தெருவில் சந்தித்து இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

19 மார்ச், செவ்வாய்

அரைப் பல். ராத்திரி நரகம். உடம்பெல்லாம் ஊர்கிறது, எல்லோர் மேலும் கோபம்.

இன்று பகலில் அழுகை வந்தது. யாரும் சாகவில்லை, எங்கும் வலிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தேன், வந்துவிட்டது. கொல்லைப் பக்கம் போய் நின்றேன். பாய் டப்பாவுக்காக அங்கேயே வந்துவிட்டார். பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"கடைய உட்டப்புறம் எனுக்கு இன்னா வேல தெரியுமா மாஸ்டரு? எங்கூட்டு கைலியெல்லாம் எடுத்து ஒதறி, மடிச்சு, அடுக்கி, திரும்ப ஒதறி... வாங்கறதுக்கு ஆளே இல்ல. ஹாஜிரா பாத்துட்டு அழுதுடுச்சு. அப்புறம்தான் இந்தப் பொடி சாஸ்தி ஆச்சு. மூக்குல கை இருந்தா கைலி மேல போவாதுல்ல."

அவர் சொல்லியதில்லை இதை, இத்தனை நாளில். நானும் சொன்னேன், போனுக்குக் கை நீண்ட கதையை. அவர் சிரிக்கவில்லை. "கைக்கு இன்னா தெரியும், பாவம்" என்றார்.

டப்பாவைக் கேட்கவே மறந்து போய்விட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

1 ஏப்ரல், திங்கள்

இன்றிலிருந்து அணா போய் நயா பைசா. குணசுந்தரி கீரைக்காரியோடு அரை மணி சண்டை. இருவருக்கும் கணக்குத் தெரியாததால் இருவரும் ஜெயித்தார்கள்.

கடைத்தெருவுக்கு நான் போனேன். எதற்குப் போனேன் என்பது வீடு திரும்பும் வரை ஞாபகம் இருந்தது. இதை எழுதியே ஆக வேண்டும்.

3 ஏப்ரல், புதன்

நோன்பு ஆரம்பம். பாய் பகல் முழுக்கப் பொடியைத் தொடமாட்டார், காவலே வேண்டாம். நோன்பு திறந்த கையோடு ஓடிவந்தார். கூடவே ஹாஜிரா ஒரு சட்டி கஞ்சி அனுப்பியிருந்தாள். இஞ்சியும் வெந்தயமும் மணக்க மணக்க, நான் இரண்டு கிண்ணம்.

நான் கிளாஸ் வாங்கப் போவதற்குள் ராத்திரித் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசல் போய்விட்டார். கிளாஸ் அவர் அலமாரியில், சாவி அவர் இடுப்பில். மெயில் போய்விட்டது, டோக்கன் வரவில்லை. உட்கார்ந்தபடி காத்திருந்தேன். எப்போது சாய்ந்தேன் தெரியாது. பாய் வந்து பார்த்துவிட்டு, கிளாஸைத் தன்னோடே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பாவி மனிதர். நல்ல மனிதர்.

8 ஏப்ரல், திங்கள்

டாக்டர்: இனிமேல் கால் பல். "அதையும் விடலாம். என்றைக்கு என்று நீங்களே சொல்லுங்கள்." நான் அவசரப்படவில்லை. கால் பல் என்றாலும் ஒரு துணை.

9 ஏப்ரல், செவ்வாய்

எங்கள் தெருவில் ஏழெட்டு முஸ்லிம் வீடுகள். விடியலுக்கு முன் நோன்பாளிகள் சாப்பிட வேண்டும். அதற்காக ஷேக் தாவூத் தப்பு மேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு ஒவ்வொரு வீடாக எழுப்புவார். அவர் குளத்துப் படியில் வழுக்கிக் கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. இன்று எழுப்ப ஆள் இல்லாமல் பாய் வீடு உட்பட மூன்று வீட்டில் தூங்கிவிட்டார்கள். சாப்பிடாமலே நோன்பு. சாயங்காலம் பாய் முகம் வாடி வதங்கிக் கிடந்தது.

"நான்தான் முழித்துக்கொண்டிருக்கிறேனே, நான் எழுப்புகிறேன்" என்றேன். வாய் தவறி வந்ததா, மனசிலிருந்து வந்ததா?

பாய் என்னைப் பள்ளிவாசலுக்கே கூட்டிப்போனார். அங்கே ஹயாத் பாஷா பெரிய மனிதர், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "பாட்டு வருமா மாஸ்டர் உங்களுக்கு?"

"பாட்டு வராது. கதவு தட்டத் தெரியும். டைம் தவறாது."

"ரயில் மாதிரியா?"

"ரயில் தவறும். நான் தவறமாட்டேன்."

எல்லோரும் சிரித்து, சரி என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். குணசுந்தரி கேட்டாள், "மருந்து குடிச்சிட்டுப் படுத்தா அந்நேரத்துக்கு எழுந்துக்க முடியுமா உங்களால?"

இதை நான் யோசிக்கவில்லை. டூட்டி ஒத்துக்கொண்டாகிவிட்டது. டூட்டியில் இருக்கிறவன் மருந்து குடிக்கலாமா? கூடாது. ரூல் இருக்கிறது. இன்று கிளாஸ் வாங்கப் போகவில்லை.

10 ஏப்ரல், புதன்

எழுந்தேன். எங்கே எழுவது, தூங்கினால் அல்லவா. குணசுந்தரி வெந்நீர் வைத்துத் தயாராக நின்றாள்.

லோகோ ஷெட்டில் கால் பாய், அதாவது கூப்பிடுகிற பையன், என்று ஒருத்தன் இருப்பான். ராத்திரி டூட்டிக்கு டிரைவர்களை வீடு வீடாகப் போய் எழுப்புவது அவன் வேலை. உள்ளே இருக்கிற ஆள் வாய் திறந்து பதில் சொல்லாமல் அவன் வாசலை விட்டு நகரக் கூடாது. "ம்" என்றால் போதாது, பேர் சொல்ல வேண்டும். நான் அந்த ரூலைத்தான் கடைப்பிடித்தேன். முப்பது வருஷம் மாஸ்டர், இப்போது கால் பாய்.

ஹயாத் பாஷா வீட்டில் "ம்" வந்தது. தட்டினேன். "முழிச்சாச்சுப்பா." தட்டினேன். "யார் முழிச்சது? பேர் சொல்லுங்க." பிறகு உள்ளேயிருந்து அதட்டலாக, "ஹயாத் பாஷா! காதர் பாஷா மகன்! போதுமா?" போதும் என்று அடுத்த வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்து படுத்தேன். பாங்கு சத்தம் கேட்டது பாதி. மீதி கேட்கவில்லை.

15 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்பன்று பாயசத்தை நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாக எல்லா வீட்டுக்கும் அனுப்பினோம். ஹயாத் பாஷா இப்போதெல்லாம் நான் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து பேரைக் கத்திவிடுகிறார். அப்பா பேரோடு.

மெயில் போகிறபோது முழிப்பு வருகிறது. கைகாட்டி நினைப்பும் வருகிறது. ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு நினைப்பு: இன்னும் கொஞ்ச நேரத்தில் எழ வேண்டும், அதற்குள் தூங்கிக்கொள். தூங்கிவிடுகிறேன். இது என்ன மாயம்?

25 ஏப்ரல், வியாழன்

இன்று எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது.

கஞ்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க ஹாஜிரா வீட்டுக்கு மதியம் போனேன். உள் அறையில் குணசுந்தரி தரையில் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் இங்கே ஊர் வம்பு பேச வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஹாஜிரா என்னை வாசலுக்குக் கூட்டிவந்து மெல்லச் சொன்னாள். "மாமா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்க எழுந்துக்காம கெடந்தீங்கல்ல, அன்னிலேருந்து அத்த ராத்திரில தூங்கறதே இல்ல. ஒங்க மூக்குகிட்ட கைய வச்சு மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கினே ஒக்காந்திருக்கும். பகல்ல இங்க வந்துதான் செத்த நேரம் படுக்குது."

வெந்நீர் தயாராக இருந்தது அதனால்தான். எனக்காக எழுந்தாள் என்று நினைத்தேன். அவள் படுக்கவே இல்லை.

நான் குடித்தேன், நான் தூங்கினேன், நான் விட்டேன், நான் எழுப்பினேன் என்று இந்த டைரி முழுக்க நானே இருக்கிறேன். ராத்திரி டூட்டி அவள் பார்த்திருக்கிறாள். அவளை மாற்றிவிட யாரும் வரவில்லை.

26 ஏப்ரல், வெள்ளி

கேட்டே விட்டேன்.

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?" என்று முறத்தைத் தட்டினாள்.

"மருந்தைத்தான் விட்டாயிற்றே குணம்."

"நீங்க உட்டுட்டீங்க. எனுக்கு பயம் உடல."

அவ்வளவுதான் சொன்னாள். அரிசியில் கல் பொறுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். நான் பொறுக்கியதில் பாதி அரிசி.

29 ஏப்ரல், திங்கள்

துளசிராமன் தெருவோடு போனவன் குணசுந்தரியைப் பார்த்து, "இன்னாம்மா கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்று கேட்டிருக்கிறான். தூக்கம் இல்லை என்று இவளும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் சீசா வந்துவிட்டது! பல் வெட்டி, காகிதம் ஒட்டி, புத்தம் புதுசாக. அதை அவள் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வாங்கிக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனேன். அவனுடைய பலகை மேல் வைத்தேன். "டாக்டர் பார்க்காமல் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காவது இது வந்தால் உன் கடை வாசலில் பாய் விரித்துப் படுப்பேன். தினமும். நான் சொன்னால் செய்கிறவன் என்று ஹயாத் பாஷாவைக் கேள்" என்றேன். சத்தம் கேட்டு நாலு பேர் கூடிவிட்டார்கள். அவன் சீசாவை உள்ளே எடுத்து வைத்தான்.

அந்தச் சீசா கையில் இருந்தபோது, ஒரு நொடி, ஒரே நொடி, அதை எனக்கே வைத்துக்கொள்ளத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. பாயிடம் மட்டும் சொன்னேன். "எனுக்கு டப்பா பாக்கறப்பல்லாம் தோணுது" என்றார்.

2 மே, வியாழன்

பெருநாள். ஹாஜிரா கையால் பிரியாணி. ஹயாத் பாஷா எனக்குப் பழவேற்காட்டுக் கைலி ஒன்று போர்த்தி, எல்லோர் முன்னாலும் என் பேர், என் அப்பா பேர் இரண்டையும் உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பள்ளிவாசலே சிரித்தது.

நாளையிலிருந்து எழுப்ப யாரும் இல்லை.

5 மே, ஞாயிறு

பயந்தபடிதான். இரண்டு ராத்திரியாகப் புரண்டுகொண்டிருக்கிறேன். கத்திரி வெயில் வேறு. டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வராத ராத்திரி வராமல் போகட்டும், அதனால் யாரும் சாவதில்லை, பகலில் மட்டும் படுக்கக் கூடாது, நடக்க வேண்டும், பேச வேண்டும் என்றார். தன் தர்மாஸ்பத்திரியில் கிழவர்கள் வரிசையில் அடித்துக்கொள்கிறார்கள், காலையில் வந்து ஒழுங்குபடுத்த முடியுமா என்று கேட்டார். "உங்க மாதிரி சீசாவோட வர்றவங்களும் நிறைய பேர்." பாயும் வருகிறேன் என்கிறார்.

குணசுந்தரி இன்னும் தூங்கவில்லை. நான் புரள்கிறேன், அவள் கை என் மூக்குக்கு வருகிறது. இருட்டில் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி.

8 மே, புதன்

தர்மாஸ்பத்திரியில் கிழவர்களை உட்கார வைத்தேன், வந்த வரிசைப்படி. ஒரு கிழவர் ஒளிந்து பொடி போட்டுவிட்டுத் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தார். பாய் அவரைக் கண்டுபிடித்துத் தனியாகக் கூட்டிப்போய்விட்டார்.

ராத்திரி கை வந்தது. பிடித்துக்கொண்டேன். "என்ன செய்தால் தூங்குவாய்?" என்று கேட்டேன்.

கையை உருவிக்கொள்ளாமலே சொன்னாள். "பேசிக்கினே இருங்க. சத்தம் வந்துச்சுன்னா கைய வச்சுப் பாக்க வேணாம்."

என்ன பேசுவது? முப்பது வருஷக் குடித்தனத்தில் பேச என்ன மிச்சம்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். ஏளாவூர், ஆரம்பாக்கம், தடா, நாயுடுப்பேட்டை...

"சூளூர்ப்பேட்டய உட்டுட்டீங்க. அங்கதான் நமக்கு குவார்ட்டர்ஸு ஒழுகும்."

ஒழுகிய வீட்டைப் பற்றிப் பேசினோம். அண்டா வைத்த இடம் எது என்பதில் சண்டை. கூடூர் தாண்டி, நெல்லூர் தாண்டி, பெஜவாடா வரை போய்விட்டேன். அவள் முழித்துக்கொண்டே வந்தாள்.

11 மே

ஓங்கோலில் ஒரு கொட்டாவி. என்னுடையதா, அவளுடையதா?

14 மே, செவ்வாய்

பொடி டப்பாவில் பாதி அப்படியே கிடக்கிறது. பாய் இரண்டு நாளாக வாங்க வரவில்லை, சபலம் வந்தால் நாளைக்கு வருவாராம். எனக்கு நேற்று மோசமான ராத்திரி. காலையில் ஆஸ்பத்திரியில் கண் எரிந்தது, வரிசை மட்டும் தப்பவில்லை.

17 மே, வெள்ளி

நேற்று நாயுடுப்பேட்டை என்றேன். பதில் இல்லை. அடுத்த ஸ்டேஷனைச் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் எழுந்துவிடுவாளோ என்று. அப்படியே கிடந்தேன். நானும் தூங்கியிருக்கிறேன்.

காலையில் முதலில் கண் விழித்தது நான். வெயில் கட்டில் கால் வரை வந்துவிட்டது. கீரைக்காரி கூப்பிட்டுவிட்டுப் போனாள், பாய் வாசலில் கனைத்துவிட்டுப் போனார். குணசுந்தரி அசையவில்லை. ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, கை தலைக்கடியில். மெல்லக் குனிந்து அவள் மூக்கருகே கையை வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இருக்கேன், இருக்கேன். போயி காபி போடுங்க."